வாத்தியார் சொன்ன ஐம்பத்தேழு

1947ஆம் வருஷம் மார்ச் மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். கரைக்காற்று நின்றுபோய்க் கடற்காற்று இன்னும் தொடங்காத நேரம். தூத்துக்குடியில் அந்த வேளையில் மரத்தில் ஓர் இலை அசையாது. உப்பு கலந்த புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டவைத்துவிடும். மேகம் கிடையாது. எட்டாம் வகுப்பு ஜன்னல் வழியே தெரிந்த துறைமுகக் கொடி துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்கு வாத்தியார் என் மார்க்கைச் சொன்னார். பரீட்சைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

எழுதாத பரீட்சைக்கு மார்க் சொல்வது எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு அது ஒரு வழக்கம். வருஷக் கடைசியில் ஒருநாள் பிரம்பை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டு, முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை ஒவ்வொருவராக எழுந்திருக்கச் சொல்லி, ஏறஇறங்கப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்லுவார். இதற்கு நாங்கள் எடைபோடுதல் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் சொன்ன எண்ணுக்கு இரண்டு மார்க் முன்னே பின்னேதான் வரும், அதற்கு மேல் தப்பாது என்று ஊரில் பேச்சு. கணக்குத் தாளை அவர் திருத்துவதும் இல்லை. அது வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய், முகம் தெரியாத யாரோ ஒருவர் கையால் திருத்தப்பட்டு வரும். ஆகவே அவர் தன் வாக்கைத் தானே காப்பாற்றிக்கொள்கிறார் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை.

அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. வருஷம் முழுவதும் ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. சாக்கட்டி தீர்ந்துபோனால் தன் காசில் வாங்கி வருவார். பின்னக் கணக்கை அவரைப்போல் விளக்கிச் சொன்னவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பார்த்த மாத்திரத்தில் தனக்குத் தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று மேலே பார்த்தே ஊகித்து விலை கேட்க வேண்டும். "அந்தக் கண்ணு இருக்குலே எனக்கு. திறக்கவே வேண்டாம்" என்பார். அந்த ஏலத்தில் இளம்வயதில் அவர் என்ன சம்பாதித்தார் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று எனக்கு முன்னால் பத்தொன்பது பேரை எடை போட்டு முடித்திருந்தார். நான் இருபதாவது.

"எந்திரிலே. உனக்கு மண்டை இருக்கு. மனசுதான் இல்ல. ஒருநாளாவது கையத் தூக்கியிருக்கியா? ஆசை இல்லாத பிள்ளை. ஐம்பத்தேழு. உட்காரு."

நான் கையைத் தூக்காததற்குக் காரணம் இருந்தது. கை தூக்குகிறவர்களைக் கரும்பலகைக்கு அழைப்பார். அழைக்கப்பட்டவர்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபது பேரில் பதினான்கு பேர் விரல் மொழியில் பிரம்படி வாங்கித் திரும்பினார்கள். கணக்குத் தெரிந்தவனும் சாக்கட்டியைத் தவறாகப் பிடித்ததற்காக அடி வாங்கினான். இவ்வளவையும் எண்ணிப் பார்த்தவன் எதற்காகக் கையைத் தூக்குவான்? வாத்தியாருக்குத் தெரிந்ததெல்லாம் என் கை கீழே இருக்கிறது என்பது மட்டும்தான்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சந்தியாகு. அவனுடைய அப்பா சங்கு குளிக்கிறவர். விடியுமுன்னே கடற்கரைக்குப் போய் வள்ளத்தைத் தள்ளிவிட்டுவிட்டுத்தான் அவன் பள்ளிக்கூடம் வருவான். உப்புத் தண்ணீர் பட்டு இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்திருக்கும். வகுப்பில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பான்.

"தூங்குமூஞ்சி. முப்பத்திரண்டு" என்றார் வாத்தியார்.

"சார், முப்பத்தஞ்சாப் போட்டா பாஸ் ஆயிருவேன் சார்."

"இது என்ன மீன் ஏலமாலே? உட்காரு."

வகுப்பு முழுவதும் சிரித்தது. சந்தியாகும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அறுபதிலிருந்து ஐம்பத்தேழைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அறுபது என்ற எண்ணுக்கு எங்கள் வீட்டில் பெரிய மதிப்பு இருந்தது. காயல்பட்டினத்து முதலாளி ஒருவர், கொழும்போடும் அதற்கு அப்பாலும் வியாபாரம் உள்ளவர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தருமம் செய்து வந்தார். எட்டாம் வகுப்புக் கணக்கில் அறுபதும் அதற்கு மேலும் வாங்குகிற வசதியில்லாத பிள்ளைகளுக்கு, உயர்நிலைப் பள்ளியில் கட்ட வேண்டிய மாதச் சம்பளத்தில் பாதியை அவரே கட்டிவிடுவார். முழுச் சம்பளம் மாதம் ஐந்தரை ரூபாய். பாதி என்றால் இரண்டே முக்கால். அப்பா கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். பாதிச் சம்பளம் என்றால் படிக்கவைப்பது, இல்லையென்றால் கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம் என்னைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

எனக்குக் கொழும்புக்குப் போக விருப்பமில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போகத்தான் விருப்பம். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு நேர்வழியில் போகாமல், சுற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போவேன். அதற்கு அறுபத்துநான்கு ஜன்னல்கள். எந்த ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஆசை இல்லாத பிள்ளை என்று எனக்குப் பெயர் வந்த அன்றும் அந்த வழியாகத்தான் போனேன்.

வாத்தியார் சொன்ன எண் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. கடைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஐம்பத்தேழாம்லா" என்றார் அப்பா. கோபமில்லை. விலை இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டவர் மாதிரிச் சொன்னார். "சரி. தம்பிக்கு ஒரு காயிதம் போட்டுருதேன். ஜூன்ல கப்பலுக்கு எடம் பார்க்கட்டும்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

"இன்னும் பரீட்சையே வரலியேப்பா. அதுக்குள்ள கப்பலா? அவரு என்ன சோசியரா?"

"ஏளா, அந்த மனுசன் சொன்னது என்னைக்குத் தப்பியிருக்கு? ஒரு கருப்பட்டிச் சிப்பத்தைத் தூக்கிப் பார்த்தா எத்தன எடைன்னு நான் சொல்லலியா? அவரு பிள்ளையப் பார்த்துச் சொல்லுதாரு."

"சிப்பம் பரீட்சை எழுதாதுப்பா" என்றாள் அக்கா.

அம்மா அவளை உள்ளே போகச் சொன்னாள். எனக்கு அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது. பெரியவர்கள் எடையைச் சொன்னார்கள், எடை அப்படியே இருந்தது. இதில் சிப்பம் செய்வதற்கு என்ன இருக்கிறது?

அறுபது வாங்குகிற அளவுக்கு எனக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தெரியும். அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

காரணம், முந்தின வருஷம் நடந்த ஒரு காரியம். எங்களுக்கு மேல் வகுப்பில் படித்த ஒரு பையனுக்கு வாத்தியார் நாற்பது என்று சொல்லியிருந்தார். அவன் அறுபத்துமூன்று வாங்கிவிட்டான். வாத்தியார் அவனை அடிக்கவில்லை. "பார்த்து எழுதியிருக்கான்" என்று மட்டும் சொன்னார். எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்து, நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டு, புதுக் கேள்வித்தாளைக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். அவன் பின்னால் நின்றுகொண்டு, அவன் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் குனிந்து பார்த்தார். பேனாக் கட்டையைப் பிடித்த அவன் கை நடுங்கியதை நான் நான்காவது வரிசையிலிருந்து பார்த்தேன். நாற்பத்தொரு மார்க் வந்தது. "பார்த்தீங்களாலே" என்றார் வாத்தியார். அந்தப் பையன் அடுத்த மாதமே ஆறுமுகநேரி உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஆகவே என் முன்னால் இருந்த கணக்கு இது. ஐம்பத்தேழும் இரண்டும் ஐம்பத்தொன்பது. அதுவரை வாங்கினால் வாத்தியார் சொன்னது சரி. அறுபது வாங்கினால் நான் பார்த்து எழுதியவன். நடுவில் பெஞ்சைப் போடுவார்கள், என் கை நடுங்கும், நாற்பத்துச் சொச்சம் வரும். ஐம்பத்தொன்பது என்றாலோ கொழும்பு. பதின்மூன்று நாள் இதையே யோசித்தேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதற்காக என்னைப் புத்திசாலி என்றே அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் அப்பா எடை போட்ட பிறகு, தட்டில் ஒரு சின்னத் துண்டுக் கருப்பட்டியைக் கொசுறாகப் போடுவார். போடாவிட்டால் வாங்குகிறவர்கள் நகரமாட்டார்கள். கொசுறு கொடுக்காத வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. காயல்பட்டினத்து முதலாளி எங்கள் அப்பாவைவிட எவ்வளவோ பெரிய வியாபாரி. அவரிடம் ஐம்பத்தொன்பதோடு போய் நின்றால் ஒரு மார்க் கொசுறு போடமாட்டாரா? வாத்தியார் வாக்கும் நிற்கும், நானும் ஜன்னலோரம் போய் உட்காருவேன்.

மார்ச் முப்பத்தொன்று, திங்கட்கிழமை பரீட்சை. பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். கேள்வித்தாளை இரண்டு முறை படித்தேன். எட்டு கணக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாவது ஒருமாதிரித் தெரியும். பத்தாவது தெரியாது. ஐந்து கணக்கை முழுதாகப் போட்டேன், ஐம்பது. ஆறாவதையும் போட்டு, விடையில் எண்ணை மட்டும் எழுதி, எத்தனை மூட்டை என்று கேட்டிருந்த இடத்தில் மூட்டை என்ற சொல்லை எழுதாமல் விட்டேன். அதற்கு ஒரு மார்க் குறைப்பார்கள் என்று வாத்தியாரே எங்களிடம் பலமுறை எச்சரித்திருக்கிறார். ஆக ஐம்பத்தொன்பது. பேனாவை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

பக்கத்தில் சந்தியாகு கண்ணை மூடுவதும் எழுதுவதுமாக இருந்தான். நடுவில் என்னைப் பார்த்தான்.

"ஏலே, எழுதுலே. ஏன் கையக் கட்டிக்கிட்டு இருக்க?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"போதும்."

"என்னலே போதும்? பந்தியிலயா உட்கார்ந்திருக்க?"

அந்த ஐம்பது நிமிடமும் எவ்வளவு நீளம் என்று இப்போதும் எனக்குத் தெரியும். ஏழாவது கணக்கு வட்டிக் கணக்கு. அதன் விடை தானாக மனதில் வந்து நின்றது. போ என்று சொன்னாலும் போகவில்லை. எழுத வேண்டியதை எழுதாமல் விரல்களை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் இரண்டு முறை என்னைக் கடந்து போனார். பாவம், இவனுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை மார்க் வாசித்தார்கள். காயல்பட்டினத்து முதலாளியும் வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். தலைமை ஆசிரியர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார் நின்றுகொண்டு வாசித்தார். முதலில் தான் சொன்ன எண்ணைச் சொல்லுவார், பிறகு வந்த எண்ணைச் சொல்லுவார். நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. எழுபது, எழுபத்தொன்று. முப்பத்தாறு, முப்பத்தாறு. முதலாளி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

என் பெயரை வாசித்து, "ஐம்பத்தேழு" என்று நிறுத்தினார் வாத்தியார். தாளைத் தூக்கிக் காட்டினார். "ஐம்பத்தேழு! கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

நான் திகைத்துப்போனேன். விடைகளுக்கு அடியில் கோடு போடவில்லை என்று அந்த முகம் தெரியாத மனிதர் மேலும் இரண்டு மார்க் குறைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது வேறு. நான் எவ்வளவு தந்திரம் செய்தாலும் அவர் சொன்னதே வருகிறது, இந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று தோன்றியது.

அடுத்தது சந்தியாகு. வாத்தியார் "முப்பத்திரண்டு" என்றார். தாளைப் பார்த்தார். வாசிக்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் கொடுத்தார்.

"எழுபத்துநாலு" என்று வாசித்தார் தலைமை ஆசிரியர்.

"காப்பி சார்" என்றார் வாத்தியார். "வருஷம் பூரா தூங்கினவன். இந்தா பக்கத்துல இருக்கானே, இவனப் பார்த்துத்தான் எழுதியிருக்கான்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

"இந்தத் தம்பிக்கு எத்தன சொன்னீங்க?"

"ஐம்பத்தேழுங்க."

"ஐம்பத்தேழு மூட்ட உள்ள கிட்டங்கியிலேருந்து எழுபத்துநாலு மூட்டய எப்படி சார் திருட முடியும்?"

தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார். பிள்ளைகளும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. சந்தியாகை முன்னால் கூப்பிட்டு, ஒரு வட்டிக் கணக்கைச் சொன்னார். சந்தியாகு கண்ணை மூடினான்.

"பார்த்தீங்களா? நிக்கும்போதே தூங்குதான்!"

"தூங்கல சார். கண்ணு எரியுது. மூடிக்கிட்டாத்தான் நல்லாக் கேக்குது" என்றான் சந்தியாகு. வருஷம் முழுவதும் யாரும் அவனிடம் கேட்காத கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னான். பிறகு விடையைச் சொன்னான். தப்பு. "இல்ல சார், இருங்க" என்று விரலை மடக்கி மறுபடி சொன்னான். சரியாக இருந்தது. இன்னொரு கணக்கு கேட்டார். அதற்கும் சரியாகச் சொன்னான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் முதலாளி. "கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டுத்தான் கணக்குப் போடணும்னு சட்டமா என்ன? எழுதிக்கிடுங்க சார், இவன் சம்பளம் எம்பொறுப்பு."

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். எப்போதும் நிமிர்ந்து நிற்பவர், மேஜையில் ஒரு கையை ஊன்றி நின்றார். அடுத்த பெயரை வாசிக்க வாயெடுத்து, எந்த வரியில் விட்டோம் என்று தெரியாமல் தாளில் தேடினார். பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குள் முதலாளி என் தாளை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்கன வா. ஆறு கணக்கும் சுத்தமாப் போட்டிருக்க. மீதி நாலு வெறுந்தாளா இருக்கே. தொட்டுக்கூடப் பார்க்கல. ஒரு மார்க் குறைஞ்சா நானே போட்டுக் குடுத்திருப்பேன். மூணு குறையுது. அந்த நாலு கணக்கும் தெரியாதா உனக்கு?"

எனக்கு மூன்று தெரியும். ஏழாவதின் விடை அப்போதும் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லியிருப்பார். நான் நிமிர்ந்து பார்த்தேன். முதலாளிக்குப் பின்னால் வாத்தியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. நடு பெஞ்சில் உட்கார்ந்து கை நடுங்கிய அந்தப் பையன்தான் எனக்கு ஞாபகம் வந்தான். வாத்தியாரின் முகம் அதே மாதிரி இருந்தது.

"தெரியாது" என்றேன்.

வாத்தியார் மேஜையைவிட்டு வந்து என் தோள்மேல் கையை வைத்தார். அந்த வருஷம் முழுவதிலும் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "இவன் விஷயத்துல நான் சொன்னது அச்சு அசல்ங்க" என்றார். குரல் திரும்பிவிட்டிருந்தது. அந்தக் கையின் கனம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், உயர்நிலைப் பள்ளி வழியாகப் போகாமல் நேர்வழியிலேயே வீட்டுக்குப் போனேன்.

"நான் சொன்னேன்லா" என்றார் அப்பா, எண்ணைக் கேட்டதும். அம்மா என் சட்டைகளை எண்ணத் தொடங்கினாள். மூன்று இருந்தன. கொழும்புக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்றாள்.

அக்கா கொல்லையில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். கேள்வித்தாளைக் கொண்டுவரச் சொல்லி, ஈரக் கையால் தொடாமல் என்னையே பிடித்துக் காட்டச் சொன்னாள். மேலிருந்து கீழே படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எங்கன நிறுத்துன?"

"ஐம்பத்தொன்பதுல. ரெண்டு கோடு போடாததுக்குப் போயிருச்சு" என்றேன். கொசுறு விஷயத்தையும் சொன்னேன். முதலாளி கேட்டதையும், நான் தெரியாது என்றதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த செம்பை ஏற்கெனவே துலக்கிவிட்டாள் என்பதை மறந்து மறுபடி துலக்கினாள்.

அக்காவும் இதே வாத்தியாரிடம்தான் படித்தாள். மூன்று வருஷம் முன்னால் அவளுக்கு நாற்பத்துநாலு என்றார், நாற்பத்துநாலு வந்தது. பெண்பிள்ளைக்கு இது போதும் என்று அப்பா அதோடு நிறுத்திவிட்டார். நான் எழுதாமல் நிறுத்தினேன் என்று அன்றுவரை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்படியிருக்க, தெரியுமா தெரியாதா என்று கேட்காமல், எங்கே நிறுத்தினாய் என்று அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கடைக்கே போனாள். வியாபார நேரத்தில் பெண்பிள்ளை கடைக்கு வருவதில்லை. அப்பா தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவன விட்ட கணக்கப் போடச் சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாலயே."

"என்னளா இது? சந்தியிலயா..."

"போடச் சொல்லுங்கப்பா."

நான் தரையில் உட்கார்ந்து ஏழாவதையும் எட்டாவதையும் சாக்கட்டியால் போட்டேன். அப்பா வட்டிக் கணக்கில் தேர்ந்தவர். குனிந்து நின்று வாய்க்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தார். கருப்பட்டி வாங்க வந்தவர் கொசுறுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா கடைசியில். "இதப் போய் வாத்தியார்கிட்டச் சொன்னா, எவனோ சொல்லிக் குடுத்தான்னுதான் சொல்லுவாரு."

"அவருகிட்ட எதுக்குச் சொல்லணும்? பள்ளிக்கூடத்துல சேர்த்துவிடுங்க."

"பாதின்னா நான் போடுவேன். முழுச் சம்பளத்துக்கு எங்கன போக?"

"மீதிப் பாதிய நான் போடுதேன். சிப்பம் கட்டுத ஓலப்பெட்டி வெளியில வாங்குதீங்கல்லா? பெட்டிக்கு அரையணா. அத நான் மொடஞ்சு தாரேன், எங்கிட்ட வாங்குங்க."

அப்பா காலணாகூட ஏற்றிக் கொடுக்கவில்லை, குறைக்கவும் இல்லை. மூன்று வருஷம், வருஷத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம், மாதம் இரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா. அரையணா வீதம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பெட்டி. இந்த எண்ணை நான் கண்டுபிடித்தது வெகுகாலம் கழித்துத்தான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவின் விரல்நுனி எப்போதும் ஓலைக்கீறலாக இருக்கிறது என்பதுதான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு அல்ஜீப்ரா படித்தேன். சந்தியாகு எனக்கு முன் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு படித்தான்.

அந்த வருஷம் வாத்தியார் எடைபோட்ட நாற்பத்தொரு பேரில் நாற்பது பேருக்கு அவர் சொன்னதை ஒட்டித்தான் வந்தது. அந்த நாற்பதில் நானும் ஒருவன். மற்ற முப்பத்தொன்பது பேரில் எத்தனை பேர் உண்மையாகவே அந்த எடை, எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்பது என்னால் எண்ண முடியாத கணக்கு. முடியாது என்று தெரிந்தும் இந்த வயதிலும் சில நாள் எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாக வரவழைக்கிறேன், முப்பதைத் தாண்டுவதற்குள் குழம்பிவிடுகிறது.

அக்காவிடமாவது கேட்டிருக்கலாம். கல்யாணமாகிக் கீழவைப்பாரில் கடை வைத்துக்கொண்டிருந்த அவளிடம், எனக்கு வேலை கிடைத்த முதல் வருஷம் அந்தப் பெட்டிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. உட்கார்ந்து எண்ணினாள், சரியாக இருக்கிறது என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். உனக்கு எத்தனை தெரிந்திருந்தது, நாற்பத்துநாலில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். நிறுத்தியதில் அவளுக்கு ஆன செலவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஆனது, குறைந்த மார்க் மூன்று, மார்க்குக்கு முப்பது ரூபாய் நான்கு அணா, ஆகமொத்தம் தொண்ணூறு ரூபாய் பன்னிரண்டு அணா.